கேட்காமல் விட்ட கயிறு

“எரிக்கப் போற கரி மேல இன்னாத்துக்குமா தண்ணி ஊத்துறாங்க?”

நீலமேகம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிப் பிரிவில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். அன்று டீ குடிக்கக் கீழே இறங்கியிருந்தேன். மஞ்சள் ஹெல்மெட், மூக்குக்குக் கீழே நழுவிய முகமூடி, நடுவில் என்னையே பார்க்கிற இரண்டு கண்கள். ஆள் புதிது என்று சட்டையின் சுத்தமே சொன்னது. தூசி பறக்காமல் இருக்க என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். விடவில்லை. அந்தத் தண்ணீர் எரியும்போது சூட்டைத் தின்னாதா என்று பின்னாலேயே வந்தார். தின்னும்தான். ஈரம் கூடினால் அதே கரண்டுக்கு இன்னும் கொஞ்சம் கரி எரிக்கவேண்டி வரும், ஈரமே இல்லாவிட்டால் தூசி எங்காவது தீப்பிடிக்கும், அதனால் அளவாகத் தெளிக்கிறோம் என்று நின்று விளக்கும்படி ஆகிவிட்டது. டீ ஆறிப்போனது.

கேள்வி கேட்பவர்களைக் கண்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். கேள்வி நன்றாக இருந்துவிட்டால் அந்த எரிச்சல் போய், எனக்குப் பதில் தெரியவில்லையே என்ற வேறோர் எரிச்சல் வரும். நீலமேகம் இரண்டையும் மாறி மாறிக் கொடுத்தார்.

அவர் ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவுக்காரர், மீன் பிடிப்பவர். நாற்பதைத் தாண்டியவர். ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. இன்ன நாள், இன்ன இடம், இன்னார் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதைப் பாடு என்பார்கள். பாடு வராத நாட்களில் வீட்டில் உட்காரப் பிடிக்காமல் இங்கே கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தார், அப்படியே தங்கிவிட்டார். கப்பலில் வரும் நிலக்கரியைக் கொதிகலன் பக்கம் ஏற்றிக்கொண்டு போகும் கன்வேயர் பெல்ட்டின் ஓரமாக நடக்க வேண்டும். எந்த உருளையாவது சூடாகிறதா, எங்காவது கரி சிந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் வேலை. சம்பளத்தைவிட, கேட்பதற்கு ஆள் கிடைத்ததுதான் அவருக்கு இங்கே பிடித்தது என்று எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் கரிக்குவியலின் மூலையில் மெல்லப் புகை வந்தது. தீக்குச்சியே காட்டாமல் எப்படிப் புகைகிறது என்று கேட்டார். நான் காட்டூரில் நெல் விதைக்கிற வீட்டுப் பெண். ஈரத்தோடு போட்ட வைக்கோல் போருக்குள் கையை விட்டால் சுடும், இதுவும் அப்படித்தான் என்றேன். காற்று உள்ளே போய்ப் போய்க் கரி தானாகச் சூடேறும். ரொம்ப நாள் கிடக்கவிட்டால் தானே பற்றிக்கொள்ளும். அதனால்தான் புல்டோசர் ஏற்றிக் குவியலை அமுக்குகிறோம், பழைய கரியை முதலில் எடுத்து எரிக்கிறோம். நீலமேகம் யோசித்துவிட்டு, அப்படியானால் கரிக்கும் பாடு உண்டு என்றார். சிரித்துவிட்டேன். பிறகு ஒரு கூடை கரிக்கு ஒரு ஃபேன் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டு, என்னைக் கணக்குப் போட வைத்தார். ஏறக்குறைய இரண்டு வாரம் என்று வந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் இல்லாத அறையில் ஃபேன் சுற்றினால் ஒரு கூடை கரியை வீணாகக் கொட்டுகிறீர்கள் என்று கத்தியிருக்கிறார். அவர் மனைவி குணசுந்தரி என்னிடம் வந்து முறையிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒருமுறை அவர் படகில் ஏரிக்குள் போனேன். கழிகள் நட்டு, கழிக்குக் கழி கயிறு இழுத்து வலை கட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் மேல்கயிறு தொய்ந்து கிடந்தது. நீலமேகம் பேச்சை நிறுத்தாமலே படகை ஒட்டி நிறுத்தினார், தொய்வை இழுத்துக் கழியில் சுற்றி, மிச்சத்தை இரண்டு முறை மடித்துச் செருகிக் கட்டினார், மறுபடி படகைத் தள்ளினார். யார் வலை என்று கேட்டேன். தெரியாது என்றார். கயிறு தொய்ந்தால் மடவை மீன் துள்ளித் தாண்டிப் போய்விடும். அதனால் அந்த வழியாக யார் போனாலும் இழுத்துக் கட்டிவிட்டுப் போவார்களாம். வலைக்காரரிடம் சொல்லக்கூட மாட்டார்களாம். முடிச்சைப் பார்த்தே யார் கட்டியது என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம். நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கோடையில் பெல்ட் தானாக நிற்க ஆரம்பித்தது.

பெல்ட்டின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பிக் கயிறு ஓடும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். இழுத்த உடனே கயிற்றின் முனையிலுள்ள சுவிட்ச் விழுந்து பெல்ட் நின்றுவிடும். என் திரையில் சிவப்பாக எழுத்து வரும்: அவசரக் கயிறு இழுக்கப்பட்டது. பிறகு ஒருவர் போய் சுவிட்சைக் கையால் தூக்கிவிட்டால்தான் பெல்ட் மறுபடி ஓடும். இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பல நாட்களில், அந்த எழுத்து வந்துகொண்டே இருந்தது. கேட்டால் யாரும் இழுக்கவில்லை என்றார்கள். சுவிட்சை மாற்றினோம். வயரை மாற்றினோம். மறுபடி நின்றது. பெல்ட் நின்றால் கொதிகலனுக்கு மேலே இருக்கும் கரித்தொட்டி காலியாகும், மின்உற்பத்தியைக் குறைக்க வேண்டும், நெருப்பு அணையாமல் இருக்க எண்ணெய் எரிக்க வேண்டும். மேலிருந்து வருகிற திட்டெல்லாம் சூப்பர்வைசர் தாமோதரன் தலையில்தான் விழும்.

தாமோதரன் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சாப்பாட்டுக்குப் பிறகு நிற்கிறது என்றால் சாப்பிட்டவன் எவனோ தூங்குவதற்காகத்தான் இழுக்கிறான் என்று முடிவு கட்டினார். ஒவ்வொரு முறையும் முதலில் ஓடிப்போய் சுவிட்சைத் தூக்கிவிட்டது ரஞ்சித்குமார். அதுவே அவனுக்கு வினையாகிவிட்டது. இழுத்தவனுக்குத்தானே எங்கே நின்றது என்று முதலில் தெரியும் என்றார் தாமோதரன். ரஞ்சித்குமார் நீலமேகத்தின் மச்சான், குணசுந்தரியின் தம்பி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நீலமேகம்தான். அவனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் போன பிறகு ஒரு வாரம் வானம் மூட்டமாகவே இருந்தது. பெல்ட் ஒரு முறைகூட நிற்கவில்லை. பார்த்தீர்களா என்றார் தாமோதரன். நீலமேகத்துக்கும் அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நீ இழுத்தாயா என்று சாப்பிட உட்கார்ந்தவனிடம் கேட்டிருக்கிறார். அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அக்கா வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

இதைவிட மோசமாக இன்னொன்று நடந்தது. கயிற்றின் பக்கம் போகவே எல்லோரும் பயந்தார்கள். கை தெரியாமல் பட்டால்கூட வேலை போய்விடும் என்று சற்றுத் தள்ளி நடந்தார்கள். திரையில் சிவப்பு எழுத்து வராத அந்த நாட்களில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கோபம் வருகிறது.

மூட்டம் விலகிய ஒரு காலையில், பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியைத் தேவகி வாரிக்கொண்டிருந்தார். பெல்ட் ஓடும்போது வாரக்கூடாது என்பது விதி. நிறுத்தச் சொல்லிக் கேட்க அப்போது யாருக்கும் வாய் வரவில்லை. மண்வாரியின் நுனி உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் போய் மாட்டியது. கையுறை மண்வாரியோடு சேர்ந்து இழுபட்டது. கத்தல் கேட்டுத் திரும்பியபோது நீலமேகத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் கயிறு இருந்தது. கை போனது, ஒரு நொடி நின்றது. மச்சானுக்கு நடந்தது ஞாபகம் வந்தது என்று பின்னால் சொன்னார். அப்புறம் இழுத்தார்.

பெல்ட் நிற்கவில்லை.

இரண்டு கையாலும் தொங்கி இழுத்தார். நிற்கவில்லை. சுவிட்ச் இருந்த பக்கமாக ஓடினார். நடுவில் பெல்ட்டைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்குகால் ஒன்றைத் தாண்டி, அந்தப் பக்கக் கயிற்றைத் தொட்டதுதான் தாமதம், பெல்ட் நின்றது. தேவகியின் கை கையுறையிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இரண்டு விரல்களில் தோல் இல்லை. கை இருந்தது.

எல்லோரும் தேவகியைச் சூழ்ந்துகொண்டார்கள். நீலமேகம் மட்டும் அந்தத் தாங்குகாலுக்குத் திரும்பிப் போனார். இந்தப் பக்கம் இழுத்தால் நிற்காத கயிறு அந்தப் பக்கம் தொட்டதும் எப்படி நின்றது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கரித்தூசி அப்பிக் கிடந்த தாங்குகாலைத் துடைத்தார். கயிறு அதில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. மிச்சத் தொய்வை இரண்டு முறை மடித்து உள்ளே செருகிய கட்டு.

அதை அவிழ்த்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். பார்க்க யாரும் இல்லை. தேவகியைக் காப்பாற்றியவர் என்று அன்று எல்லோரும் அவரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அவிழ்க்கவில்லை. நேராகக் கன்ட்ரோல் ரூமுக்கு ஏறி வந்தார். தாமோதரனும் அங்கேதான் இருந்தார்.

“கட்டு என்னுது சார். ரஞ்சித் இழுக்கல. யாருமே இழுக்கல.”

நாங்கள் மூவரும் போய்ப் பார்த்தோம். அவசரக் கயிறு கொஞ்சம் தொய்வாகத்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் காற்றில் ஆடினாலும் சுவிட்ச் விழாது, கை இழுத்தால் மட்டும் விழும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் தொய்வு நீலமேகத்தின் கண்ணில் பட்டிருக்கிறது. நடந்துகொண்டே இழுத்துக் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார், ஏரியில் செய்வதுபோல. சுவிட்ச் பக்கம் கயிறு விறைத்துக்கொண்டது. கோடை வெயில் ஏறி மதியத்துக்குமேல் கடற்காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் அது அதிர்ந்து சுவிட்சை விழவைத்தது. மூட்டமான நாட்களில் அந்தக் காற்று எழாது, பெல்ட்டும் நிற்கவில்லை. கட்டுக்கு மறுபக்கம் என்ன இழுத்தாலும் இழுவிசை தாங்குகாலோடு நின்றுவிடும். நிற்கக்கூடாத நேரத்தில் நிறுத்தியதும், நிற்க வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் விட்டதும் அந்த ஒரே கட்டுதான்.

தாமோதரன் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. பெல்ட்டை நிறுத்தி வைத்து, முழுக் கயிற்றையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்க்கச் சொன்னார். அதற்குமுன் நாங்கள் யாரும் அதைச் செய்திருக்கவில்லை. இன்னும் சில இடங்களில் கட்டுகள் இருந்தன. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஏரிக்கரை ஊர்க்காரர்கள்தானே. ஒவ்வொரு கட்டும் யாருடையது என்று நீலமேகத்துக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கும். ஒரு பேரையும் சொல்லாமல் அவிழ்த்துக்கொண்டே வந்தார்.

கீழே இறங்கும்போது படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாத்தையும் உன்னாண்ட கேட்டேன்மா. கரிய கேட்டேன், பொகைய கேட்டேன். கயித்த மட்டும் கேக்கல. கயிறு எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏரியில் அவர் கட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இங்கேயும் அப்படிக் கட்டியிருப்பார் என்று எனக்கும் தோன்றவில்லை.

ரஞ்சித்குமாரை அழைத்துவரத் தாமோதரனே தோணிரேவுக்குப் போனார். குணசுந்தரி அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, நாலு வார்த்தையும் கொடுத்து அனுப்பினாராம். நீலமேகத்தைக் கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் அதை எதிர்க்கவில்லை. ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இப்போது ஒரு புது வழக்கம் இருக்கிறது. தாமோதரன் கொண்டுவந்தது. புதிதாக வருகிற ஒவ்வொருவரும், லீவு முடிந்து திரும்புகிற ஒவ்வொருவரும், வேலை தொடங்கும்முன் அந்தக் கயிற்றைத் தன் கையால் ஒருமுறை இழுத்து பெல்ட்டை நிறுத்த வேண்டும். இழுத்ததற்காக யாரையும் கேள்வி கேட்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

நீலமேகம் திரும்பி வந்த காலையில் நான் மேலே திரையைப் பார்க்க உட்காரவில்லை. கீழே வந்து நின்றேன். ரஞ்சித்குமாரும் வந்திருந்தான். பெல்ட் கரியோடு ஓடிக்கொண்டிருந்தது. நீலமேகம் கயிற்றுக்கு முன்னால் நின்று அதன் தொய்வைப் பார்த்தார். பழக்கத்தில் விரல்கள் மடங்கின. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். புதிதாக வந்த ஆள்போல, சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“இத்த இழுத்தா இன்னா ஆவும்?”

அவருக்குத் தெரியாதா என்ன. யாரும் சிரிக்கவில்லை. விரல்களில் புதுத்தோல் வெளிறித் தெரிய, தேவகிதான் பதில் சொன்னார்.

“நின்னுடும்ணா. இழு.”