மெய்ப்பாட்டுக்கு எத்தனை மதிப்பெண்

பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்கு நடுவராக உட்கார எனக்கு இருக்கும் ஒரே தகுதி, கோப்பை எங்கள் வீட்டுக் கோப்பை என்பதுதான். விருதுநகரில் எங்களுக்கு மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். அத்தா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா இறந்த பிறகு அவர் நினைவாக ஒரு சுழற்கோப்பை வைத்தோம். ஜெயிக்கிற பிள்ளையின் கல்லூரி முதல் வருஷச் செலவையும் கடையே ஏற்றுக்கொள்ளும் என்று சொன்னோம். கோப்பை கொடுக்கிறவனைச் சும்மா உட்கார வைப்பது மரியாதையில்லை என்று யாரோ என்னை நடுவர் நாற்காலியில் இழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கிளம்புகிற அன்று வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டாள். “வீட்டுல ஒத்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியல. ஊராம் பிள்ளைகளுக்கு மார்க் போடக் கெளம்பிட்டீகளாக்கும்” என்பாள். இந்த வருஷமும் சொன்னாள். நான் வழக்கம்போல் செருப்பைத் தேடுவதுபோல் நடித்துவிட்டுப் போய்விட்டேன்.

நடுவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சிவகாசிக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், அப்புறம் நான். தமிழய்யா கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். பிள்ளை ‘வாழ்க்கை’யை ‘வாள்க்கை’ என்று சொன்னால் அவர் பேனா தாளில் சுருக்கென்று குத்தும். எங்கள் பக்கத்தில் பாதி ஊருக்கு அந்த எழுத்து வராது, எனக்கும் கோபத்தில் வராது. ஆனால் அவரிடம் அதைச் சொல்ல முடியாது. பேராசிரியைக்கு வாதம் சரியாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு சொன்னதற்குப் பதில் சொன்னாளா, அல்லது மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு இறங்கினாளா என்று பார்ப்பார். நான் கடைக்காரன். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினால் சரக்கு எப்படி என்று சொல்லிவிடுவேன். பேச்சிலும் அப்படித்தான், நெஞ்சிலிருந்து வருகிறதா, வாயிலிருந்து வருகிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதிப்பெண் தாளில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. கருத்து, உச்சரிப்பு, குரல், நேரம் எல்லாம் போக, மெய்ப்பாடு. சொல்லும் உணர்ச்சி முகத்திலும் உடம்பிலும் தெரிய வேண்டும் என்பது அதன் பொருள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மூவரும் என்னதான் தனித்தனியாகத் தராசு பிடித்தாலும், எங்களை அழவைத்த பிள்ளைதான் இதுவரை கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த வருஷம் போட்டி சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. தலைப்பு, பட்டாசுத் தொழில் இந்த மண்ணுக்கு வரமா, சாபமா. வேறு தலைப்பே உங்களுக்குக் கிடைக்காதா என்று ஏற்பாட்டாளர்களிடம் காலையிலேயே சத்தம் போட்டேன். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு பள்ளிக்கு இரண்டு பேர், ஒருவர் வரம், ஒருவர் சாபம். யாருக்கு எந்தப் பக்கம் என்பதை ஒரு வாரம் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்திருந்தார்கள். வந்த பக்கத்தைப் பேச வேண்டும், மாற்றிக்கொள்ளக் கூடாது.

தாயில்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள் வந்திருந்தார்கள். இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு. கண்ணாடி போட்ட பிள்ளைக்கு வரம். நெட்டையாக இருந்த பிள்ளைக்குச் சாபம்.

கண்ணாடிப் பிள்ளை முதலில் வந்தாள். மழையை நம்பி விதைத்தால் இங்கே விதைகூடத் திரும்பாது என்றாள். பெண்கள் கையில் சொந்தச் சம்பளம் வந்தது இந்த வேலையால்தான் என்றாள். ஓர் அறையில் இத்தனை பேர்தான் உட்கார வேண்டும் என்று விதி இருக்கிறது, சீசன் வந்தால் அதை மறந்துவிடுகிறார்கள், சாபம் அந்த மறதிதானே தவிர தொழில் இல்லை என்றாள். எல்லாம் சரியான பேச்சுதான். பேராசிரியை இரண்டு முறை தலையாட்டினார். ஆனால் அந்தப் பிள்ளை அதைச் சொன்ன விதம், பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி நேரம் சொல்வதுபோல் இருந்தது. ஒரு கை அசையவில்லை. முகத்தில் ஒன்றுமில்லை. மணி அடிப்பதற்குள் முடித்து, நன்றி சொல்லி இறங்கிவிட்டாள். மெய்ப்பாட்டுக் கட்டத்தில் பத்துக்கு இரண்டு போட்டேன். ஓரத்தில், ‘உணர்ச்சி போதாது’ என்று எழுதவும் செய்தேன்.

அடுத்து நெட்டைப் பிள்ளை. மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டாள்.

“அன்னைக்குக் காலையில எங்கம்மா எனக்குச் சடை பின்னி விட்டாக” என்று ஆரம்பித்தாள்.

அம்மா கம்பெனி வேனில் ஏறிப் போனாள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் வெடித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கே சத்தம் கேட்டது. சாயங்காலம் அம்மா வரவில்லை, அம்மாவின் தூக்குவாளியை மட்டும் யாரோ கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்தார்கள். மூடி நசுங்கியிருந்தது. திறந்தால், காலையில் அம்மா அடைத்துக்கொண்டு போன புளிச்சோறு அப்படியே இருந்தது.

“வீட்டுல அன்னைக்கு உலை வைக்க ஆளில்ல. அந்தச் சோத்தத்தான் நானும் எந்தம்பியும் சாப்பிட்டோம்” என்றாள்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமிழய்யா கண்ணைத் திறந்துவிட்டார், அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை ‘வாழ்க்கை’யை ‘வாள்க்கை’ என்றுதான் சொன்னது, அவர் பேனா அசையவில்லை. மெய்ப்பாட்டுக்குப் பத்துக்குப் பத்து. மூவரும்.

எந்த ஊர், எப்போது நடந்தது என்று எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு கதையைச் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டோம். ஊரைச் சொன்னால் ஆமாம், அங்கே நடந்ததே என்போம். ஊரைச் சொல்லாவிட்டால் நாமே ஓர் ஊரை நினைத்துக்கொள்வோம். துக்க வீட்டில் கணக்குக் கேட்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

கூட்டிப் பார்த்தோம். நெட்டைப் பிள்ளை முதலிடம். கருத்திலும் நேரத்திலும் முன்னால் இருந்த கண்ணாடிப் பிள்ளை, மொத்தத்தில் இரண்டு மதிப்பெண் குறைவாக இரண்டாமிடம். அறிவிக்க இன்னும் நேரமிருந்தது, வடையும் டீயும் வந்தன. நான் கை கழுவ வெளியே வந்தேன்.

குழாயடியில் ஒரு பெண் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளிப் பூச்சுப் பூசியதுபோல் பளபளத்தது. பட்டாசு மருந்துத் தூள். எத்தனை கழுவினாலும் அது சீக்கிரம் போகாது. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“போட்டி முடிஞ்சிருச்சா சார்? மகளக் கூட்டிட்டுப் போக வந்தேன். இன்னைக்குச் சனிக்கெழம, சம்பளம் போட்டு விட லேட்டாயிருச்சு” என்றாள்.

“எந்தப் பிள்ளைம்மா?”

சன்னல் வழியாகக் கையை நீட்டினாள். நெட்டைப் பிள்ளை தோழிகளோடு உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அதே நெற்றி, அதே மூக்கு. சித்தியாக இருக்கும், பெரியம்மாவாக இருக்கும் என்று மனசு எதையாவது பிடிக்கப் பார்த்தது.

“நீங்க அவளுக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன்.

“பெத்தவ சார்” என்றாள். அப்புறம் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். “நல்லாச் சொன்னாளா? வீட்டுல சொல்லிப் பாக்கையில நானே அழுதுட்டேன்.”

வத்தல் மண்டியில் இத்தனை வருஷம் எத்தனையோ பேர் எனக்குக் காது குத்தப் பார்த்திருக்கிறார்கள். யாரும் இப்படிக் குத்தியதில்லை. கோபம் சுள்ளென்று ஏறியது.

“உசுரோட இருக்கிற தாயை மேடையில கொல்லலாமாம்மா? நீங்களும் சரின்னு சொல்லியிருக்கீக.”

“செத்ததாச் சொன்னா ஆயுசு கூடும்பாக சார்” என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “அவ படிக்கணும்ல சார். நான் பாக்குற வேலைக்கு அவளும் வரவா? அழுதாத்தான் மார்க் விழும்னு அவுக சாரே சொன்னாகளாம்.”

“அப்போ அந்தத் தூக்குவாளி, சோறு, எல்லாம் பொய்யா?”

“பொய் இல்ல சார்” என்று வேகமாகச் சொன்னாள். மறுபடியும் சன்னல் பக்கம் கை போனது. இந்தத் தடவை கண்ணாடி போட்ட பிள்ளைக்கு நேராக. “நடந்தது அவளுக்கு. அவுக அம்மாவும் நானும் ஒரே ரூம்புலதான் வேல பாத்தோம். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், நான் போகல.”

குழாயைத் திறந்துவிட்டு, கையைக் கழுவாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போய்த் தமிழய்யாவிடமும் பேராசிரியையிடமும் சொன்னேன். பேராசிரியை வடையைத் தட்டில் வைத்துவிட்டார். தமிழய்யா தாளை எடுத்து மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். “உண்மைன்னு இதுல ஒரு கட்டமும் இல்லையே” என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவர் பேனா மூடியைத் தப்பான பக்கத்தில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் போய் அந்தப் பிள்ளையக் கேட்டுட்டு வாரேன்” என்றேன்.

கண்ணாடிப் பிள்ளையை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், “உன் கதைய அவ சொல்லிட்டாளேம்மா” என்றேன்.

“நாந்தான் சார் குடுத்தேன்” என்றாள். மேடையில் பேசிய அதே குரல். “சீட்டு எடுக்கிறதுக்கு முந்தியே பேசிக்கிட்டோம். யாருக்குச் சாபம் வருதோ அவ அதச் சொல்றதுன்னு. அவளுக்கு வந்துச்சு. எனக்கு வரம் வந்துச்சு. வரத்துக்கு அது ஒதவாதுல்ல சார்.”

பதினேழு வயசுப் பிள்ளை. தன் அம்மாவின் சாவைத் தன் வாதத்துக்கு ஆகாது என்று எதிர்த்தரப்புக்குக் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு, அந்தத் தொழிலை ஆதரித்துப் பேசிவிட்டு இறங்கியிருக்கிறாள். அவளுக்குத்தான் நான் உணர்ச்சி போதாது என்று எழுதினேன்.

“நான் முடிவை மாத்திறட்டாம்மா?” என்று கேட்டேன்.

“வேணாம் சார். அவ நல்லாச் சொன்னா. நான் சொல்லியிருந்தா நடுவுல நின்னுருப்பேன், நேரத்துக்கு மார்க் போயிருக்கும்.” கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணு மட்டும் மாத்திட்டா. தம்பி அன்னைக்குச் சாப்பிடல சார். நான் மட்டுந்தான் சாப்பிட்டேன். ரெண்டு பேருன்னா கேக்க நல்லாருக்கும்னு சேத்துக்கிட்டா.”

“உன் படிப்புக்கும் நான் கட்டுறேம்மா, ரெண்டு பேருக்கும் கட்டுறேன்” என்றேன்.

“அது பாவப்பட்டுக் குடுக்கிறது சார்” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். “எனக்கு மெய்ப்பாட்டுக்கு எம்புட்டு போட்டீக? அதுலதான் நான் வீக்குன்னு எங்க சார் சொல்லுவாக.”

உள்ளே போம்மா, அறிவிக்கப் போகிறார்கள் என்றேன். வீட்டுக்காரி சொன்னது சரிதான், ஒத்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

முடிவை மாற்ற வேண்டாம் என்று மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு மேடையேறினேன். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நெட்டைப் பிள்ளையின் அம்மா கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக வந்து நின்றுகொண்டாள். அறிவிப்பு செய்தவர் போட்டி நடந்த பள்ளியின் இளம் ஆசிரியர், கொஞ்சம் அலங்காரமாகப் பேசுகிறவர். பேரை மட்டும் வாசியுங்கள் தம்பி என்று அவர் காதில் சொல்ல நான் நகர்வதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“தாயைப் பறிகொடுத்தும் தளராமல் நின்று, நம்மை எல்லாம் கண்கலங்க வைத்த அந்த மகளை முதல் பரிசு பெற மேடைக்கு அழைக்கிறோம்.”

கைதட்டல் எழுந்தது. நெட்டைப் பிள்ளை இந்த ஓரத்திலிருந்து எழுந்து நடக்கத் தொடங்கினாள். அதே நேரம் மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்ட பிள்ளையும் எழுந்துவிட்டாள். யோசித்து எழுந்ததுபோல் இல்லை. வகுப்பில் பேர் கூப்பிட்டால் எழுவதுபோல் எழுந்துவிட்டாள். நெட்டைப் பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு நடுவழியில் அப்படியே நின்றாள். பின்னால் சுவரோரம் தட்டிக்கொண்டிருந்த வெள்ளிக் கைகள் நின்றுபோயின.

விஷயம் தெரியாத கூட்டம் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. கண்ணாடிப் பிள்ளை சுற்றும் முற்றும் பார்த்தாள், தாவணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள், பிறகு அவளும் தட்ட ஆரம்பித்தாள்.