பார்லியின் மூன்று பால்

புஸ்பவதி அக்கா ஸ்டுட்கார்ட்டில் ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். என் வீட்டுக்கு நேர் கீழ்வீடு. 2007 கோடையில், தோட்டச் சங்க விழாவுக்கு வழக்கமாகப் பீர் காய்ச்சுபவர் ஊர் மாறிப் போய்விட, "முப்பது லிட்டர் நான் காய்ச்சித் தருகிறேன்" என்று கூட்டத்தில் கை தூக்கிவிட்டார். எல்லோரும் சிரித்தார்களாம்.

எனக்குத்தான் பயம்.

"வீட்ல பீர் காய்ச்சணும்னா சுங்க ஆபீஸுக்குச் சொல்லணுமாமே, லெட்டர் போட்டீங்களா அக்கா? விசா பிராப்ளம் ஆயிடப் போகுது."

"எப்பவோ போட்டிட்டன் தம்பி. இஞ்ச தும்முறதெண்டாலும் அந்த்ராக் எண்டு ஒரு விண்ணப்பம் குடுக்க வேணும். உம்மட விசாவோட நீர் கொஞ்சம் தள்ளி நில்லும்."

முதல் சனிக்கிழமை, முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லி மால்ட் ஆறு கிலோவை அரிசி களைவதுபோல் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினார். பக்கத்தில் நின்ற எனக்கும் அதில் தவறே தோன்றவில்லை. சுடுநீரில் ஊறவைத்து, மேலும் நீரை ஒரேயடியாக ஊற்றி வடித்துக் காய்ச்சியதில் கிடைத்தது இருபது லிட்டர். சர்க்கரைமானி எட்டு காட்டியது. பன்னிரண்டு வேண்டும்.

அடுத்த ஞாயிறுக்குள் உறுதி சொல்லாவிட்டால் கடையில் பீப்பாய் சொல்லிவிடுவேன் என்றார் சங்கத் தலைவர் கூன்ட்ஸ்.

தக்காளிச் செடிக்கென்று வாளியில் பிடித்துவைத்த கழுநீரை மறுநாள் காலை ஊற்றப் போன அக்கா அப்படியே நின்றுவிட்டார். அடியில் இரண்டு விரற்கடை வெள்ளை மாவு.

"ஐயோ! சீனியா மாற வேண்டிய மாவை நானே கழுவி ஊத்தியிருக்கிறன்!"

அடுத்த சனி புதிதாக வாங்கிய ஆறு கிலோவைக் கழுவவில்லை. ஊறிய மால்ட்டை வடித்தபின் சுடுநீர் கொஞ்சம் ஊற்றி வடியவிட்டார். மறுபடி கொஞ்சம். மறுபடியும்.

"மொத்தமா ஊத்தினா சீக்கிரம் முடியுமே அக்கா?"

"தேங்காய்ப்பாலை ஒரே தண்ணியிலயே பிழியிறனீர்? முதற்பால், ரெண்டாம்பால், கப்பிப்பால்!"

எல்லாவற்றையும் ஒன்றாக்கி, கசப்புக்கு ஹாப்ஸ் பூவும் போட்டு, இருபது லிட்டராக வற்றக் காய்ச்சினார். அவருடைய கிடாரத்தில் அதற்குமேல் காய்ச்ச இடமில்லை. ஆறியதும் மானியை விட்டார். பதினெட்டு! கார் ஆலையில் உற்பத்தித் திறன் கணக்குப் போட்டே சம்பளம் வாங்குகிறவன் நான், நம்பாமல் நானும் ஒருமுறை மானியை விட்டுப் பார்த்தேன்.

"கிடாரம் சின்னனெண்டா என்ன? தடிப்பாக் காய்ச்சிப்போட்டுத் தண்ணி விடுறதுதான். குழம்புக்கு விடுறேல்லையே?"

பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்க்கு மாற்றி, கொதித்தாறிய நீர் பத்து லிட்டர் சேர்த்தார். முப்பது லிட்டர். மானி பன்னிரண்டில் அசையாமல் மிதந்தது. ஈஸ்ட் தூவி மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு கூன்ட்ஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"என்ன சொல்றாரு அக்கா?"

"நம்பாமல் கிடக்கிறார். நாளைக்கு வந்து பாக்கலாமோ எண்டு கேக்கிறார். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ எண்டனான்."