அரிசி டிரம்முக்குள் ஒரு மத்தியானம்

தாராவியில் எங்கள் அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர்தான். அவர்கள் டிவி சத்தம் அதிகமானால் என் கணவர் படுத்தபடியே சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். சத்தம் குறையும். அதைப் பற்றி இரண்டு வீட்டிலும் யாரும் பேசிக்கொண்டதில்லை.

செம்பூரில் பதினோராவது மாடிக்குக் குடிவந்தோம். ராத்திரி முழுக்க ஆபீஸ் ஆட்களைக் காரில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை, தூக்கம் பகலில்தான். இங்கே ஜன்னலை மூடினால் ஒரு சத்தம் கிடையாது, அவரோ புரண்டுகொண்டே கிடந்தார்.

"ஏட்டி, காது மட்டும் முழிச்சிக்கிட்டே கெடக்கு" என்றார். சயான் சிக்னலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டதாக ஒரு நாள் சொன்னார்.

எனக்குச் சோறு போடுவதே சத்தம்தான். டப்பிங் ஸ்டுடியோவில் குரல்களுக்குப் பின்னால் இருக்கும் இரைச்சலைத் துடைத்தெடுக்கிறேன். ஆனால் வீடு திரும்பும் ரயிலில் நான் கேட்பது லோ-ஃபை: வேண்டுமென்றே மங்கலாக்கி, இரைச்சல் கலந்து செய்த இசை. சம்பளம் வாங்கிக்கொண்டு துடைப்பதை ஏன் தேடிப்போய்க் கேட்கிறேன் என்று எனக்கே புரிந்ததில்லை.

அந்தச் சத்தம் இருந்தால் தூங்குவாரோ என்று, தாராவியில் எங்கள் பழைய சந்துக்குப் போய் ஒரு மத்தியானத்தைப் போனில் பதிந்து வந்து அவருக்குப் போட்டேன். பதிவு அவ்வளவு தெளிவு. "அந்தக்கா இன்னும் தண்ணிக்கு மல்லுக்கட்டுதாவ" என்று எழுந்து உட்கார்ந்து கதை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வார்த்தை புரிந்தால் மனசு அதன் பின்னாலேயே போய்விடுகிறது. தகரச் சுவர் வழியாக வந்ததோ முணுமுணுப்புதான். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. லோ-ஃபையில் எனக்குப் பிடித்ததும் அதுதானோ?

கம்ப்யூட்டரில் கூர்மையைக் குறைத்துப் பார்த்தேன், உயிரே இல்லை. கடைசியில் பதிவை ஓடவிட்டு ஸ்பீக்கரைக் காலி அரிசி டிரம்முக்குள் இறக்கி, தகர மூடியைப் போட்டு, மூடிமேல் போனை வைத்து மறுபடி பதிந்தேன். வார்த்தையெல்லாம் கரைந்து தகரத்தின் அதிர்வு மட்டும் மிஞ்சியது. கேட்டதும் எனக்கே கண் சொக்கியது.

மறுநாள் அவர் படுத்ததும் அதை ஓடவிட்டு, சமையலறையில் போய் நின்றுகொண்டேன். கட்டில் கிறீச்சிடுவது கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலேயே கை நீண்டு சுவரில் இரண்டு தட்டு தட்டியது.

நான் ஓடிப்போய் சத்தத்தைக் குறைத்தேன்.