மல்லிகாக்காவின் அலமாரி விளக்கு

எங்கள் எலக்ட்ரீஷியன் தொழிலில் கரண்டு ஷாக் எப்போதாவது ஒருதரம்தான் அடிக்கும். சமையலறைக்குப் பிளக் பாயிண்ட் குறிக்கப் போனால் தினமும் அடிக்கும். கிச்சனைப் புதுசாக்குகிறேன் என்று இறங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கும், அவர்களிடம் வேலைக்குப் போய் மாட்டிக்கொண்ட என் இனத்தாருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

கோத்தகிரி பக்கம் கட்டபெட்டில் மல்லிகாக்கா காலை டிபன் கடை நடத்துகிறார். முன்னறையில் பெஞ்சுகள், பின்னால் சமையலறை. தேயிலை ஃபேக்டரி ஆட்களும் பஸ் டிரைவர்களும்தான் வாடிக்கை. சமையலறை வேலைக்காகக் கடையை மூடிய நேரம் பார்த்து எதிரிலேயே ஒருவர் ஹோட்டல் திறந்துவிட்டார். திங்கட்கிழமை காலை அக்கா கடையில் இட்லி வேகவில்லை என்றால் வாடிக்கை பூராவும் அங்கே போய்விடும். "கவலையை விடுங்கக்கா, நானாச்சு" என்று சொல்லித் தொலைத்தேன்.

சுவர் குளித்தது

மிக்ஸி இங்கே, கிரைண்டர் அங்கே என்று சுவர் முழுக்க சாக்பீஸால் குறித்தேன். அத்தனை அழகு! ஒரு போட்டோ எடுத்து வைக்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. ராத்திரி பூரா மேகம் இறங்கியது. மழைக்காலத்தில் இந்த மலையில் சுவர் வியர்க்கும் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? காலையில் போனால் ஒரு கோடு மிச்சமில்லை.

ஞாபகத்தில் இருந்ததை வைத்துக் கொத்தனார் செல்வத்தை வெட்டச் சொன்னேன். ஃபிரிட்ஜ் பாயிண்ட் நேராக ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. செல்வம் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, ஃபிரிட்ஜை ஜன்னலுக்கு வெளிய வெக்கறதா பிளானுங்களா? இந்தக் குளிருக்கு அதுவும் சரிதானுங்க."

எது முதல்ல?

எந்தெந்த மெஷின் ஒரே நேரத்தில் ஓடும் என்று தெரிந்தால்தான் ஒயர் கனம் முடிவு செய்யமுடியும். அக்காவிடம் கேட்டேன். மிக்ஸி, கெய்சர், கெட்டில், இண்டக்‌ஷன் எல்லாமே காலை ஆறு மணிக்குத்தான் என்றார். எனக்கு வாத்தியார் வேலை தொற்றிக்கொண்டது. "ஒண்ணை அணைச்சுட்டு இன்னொண்ணைப் போடுங்கக்கா, லோடு தாங்கும்" என்று விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரிங்க தம்பி, வர்ற ஆளுங்களையும் ஒருத்தருக்குப் பசி அடங்கினதும் இன்னொருத்தருக்குப் பசிக்கச் சொல்லிருங்க."

கனமான ஒயர் வாங்கப் போனேன்.

கெட்டிக்கார விளக்கு

அக்கா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார், கீழ் அலமாரிக்குள் இருக்கிற விளக்கு இருக்கவேண்டும் என்று. பார்த்தேன். பழைய குண்டு பல்பு. கதவைச் சாத்தினாலும் உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. மூடிய அலமாரிக்குள் யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? அதைக் கழற்றி வீசிவிட்டு, திறந்தால் எரிந்து மூடினால் அணைகிற எல்.இ.டி. ஒன்றை மாட்டினேன். என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

ஞாயிறு சாயங்காலம் அக்கா மாவாட்டி, பாத்திரத்தை அந்த அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். திறந்தபோது விளக்கு எரிந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இந்தக் குளிரில் மாவு தானாகப் புளிக்காது. பல்புச் சூட்டில்தான் ராத்திரி பூரா பொங்கவேண்டும். எங்கள் வீட்டிலேயே என் மனைவி மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்துவாள். தினமும் பார்க்கிறேன், மண்டையில் ஏறினால்தானே!

திங்கள் காலை மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. வேறு வழியில்லாமல் அதையே ஊற்றினார். இட்லி வில்லை வில்லையாக வந்தது. ஒரு டிரைவர் தட்டை நகர்த்திவிட்டு எதிர் ஹோட்டலுக்கு நடந்தார். பின்னாலேயே மற்றவர்களும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கதவைச் சாத்தினா வெளக்குத் தூங்கிருமுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே தம்பி. மாவும் கூடவே தூங்கிருச்சு பாருங்க."

ஊட்டிக் குளிருங்க

குண்டு பல்புக்காகக் கோத்தகிரி, குன்னூர் கடையெல்லாம் ஏறி இறங்கினேன். எல்லாரும் எல்.இ.டி.யை நீட்டினார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஒரு கோழித்தீவனக் கடையில் பிடித்தேன். குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற பல்பு. எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். எலக்ட்ரீஷியன் என்று சொல்லிவிட்டு இட்லி மாவுக்கு என்று சொல்ல மானம் விடவில்லை. மலையில் வளர்க்கிற குஞ்சுக்குத்தான் என்றேன். அவர் முகத்தில் உண்மையான கவலை. "ஒத்தப் பல்பு போதுமுங்களா? ஊட்டிக் குளிருங்க, பாவம், செத்துப் போயிருமுங்க."

செவ்வாய்க்கிழமை

திங்கள் சாயங்காலமே பீங்கான் ஹோல்டர், சுற்றிலும் கம்பி வலை, தனி சுவிட்ச் எல்லாம் வைத்து மாட்டினேன். மறுநாள் விடிகாலையில் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவன் மாதிரி சமையலறையில் நின்றேன். அக்கா கதவைத் திறந்தார். மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்திருந்தது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

முதல் ஈடு இட்லி இறங்கும்போது முன்தினம் எழுந்து போன டிரைவர் தலையை நீட்டினார். எதிரில் சாம்பார் தண்ணீராம். உட்கார்ந்தார், ஃபேக்டரி ஆட்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அக்கா முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. முன்னறை விளக்கையும் மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அக்கா என் தட்டில் இட்லியைப் போட்டார். "வாயில இட்லி இருக்கற வரைக்குந்தான் நீங்க புதுசா ஒண்ணும் யோசிக்காம இருக்கீங்க. இன்னும் ரெண்டு வெச்சுக்கோங்க தம்பி."

ஆக, ஊருக்கே வெளிச்சம் போட்டுக் கொடுக்கிறேன் என்று பீற்றிக்கொண்டவன், கடைசியில் ஒரு கோழிக்குஞ்சு பல்பின் தயவில்தான் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.