குலம் அண்ணையும் ஒரு வட்டப் பற்றரியும்

செய்தி வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். பம்பலப்பிட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். அழைத்தவர் ராணி அக்கா, குலம் அண்ணையின் மனைவி. "வசந்தி, அவர் விடிய எழும்பேல்லை" என்றார். வெள்ளவத்தைக்கு இன்னும் தூரம் இருந்தும் அடுத்த தரிப்பிலேயே இறங்கி நடந்தேன். ஏன் இறங்கினேன் என்று தெரியாது. இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை. இவ்வளவையும் எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். குலசிங்கம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில், மாடியில், ஒரே அறைக் கந்தோர். பதினான்கு வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தேன். உங்களில் பாதிப்பேரின் பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் அவருடைய முத்திரையோடுதான் வெளிநாடு போயிருக்கும். வந்தவரைக் கதிரையில் இருத்தி, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கமாட்டார். "பேரிலை ஒரு எழுத்து மாறினா ஆளே மாறிப்போவார்" என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எதையும் ஒரு தரம்தான் சொல்வார். "ஒருக்காச் சொன்னா அது வேலை. ரெண்டாந்தரம் சொன்னா அதிகாரம்" என்பது அவர் கணக்கு. அந்தப் பழக்கத்தால்தான் நான் கெட்டேன் என்று சில நேரம் அவர் மேலேயே கோபம் வருகிறது. செத்தவர் மேல் கோபப்படுவது எவ்வளவு வசதி!

செத்தவீட்டில் ஒருவர் அந்தக் கதையைச் சொன்னார். அன்போடுதான் சொன்னார். "எங்கடை குலம் மாஸ்டர், பிள்ளை பிறக்க முதலே பிறப்புச் சேட்டிபிக்கற்றை மொழிபெயர்த்த மனுசன்!" எல்லாரும் சிரித்தார்கள். அழுது களைத்த ராணி அக்காகூடச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, செருப்பைத் தேடுவதுபோல வாசலுக்குப் போனேன்.

நடந்தது இதுதான். எங்கள் கம்பியூட்டர் பழையது. வருகிறவர்களின் பென்டிரைவில் எல்லாம் வைரஸ் என்று பயந்து அண்ணை அதற்கு இன்டர்நெட்டே கொடுக்கவில்லை. உள்ளே, மதர்போர்டில், சில்லறைக் காசு அளவில் ஒரு வட்டப் பற்றரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் நாள், நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்துப்போயிருந்தது. பிளக் சுவரில் இருக்கும்வரை பிரச்சினையில்லை. ஆனால் நாடு முழுக்கக் கரண்ட் வெட்டிய காலத்தில் எனக்கொரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பின்னேரம் போகும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் போவேன். ஒருவரும் கேட்டுச் செய்யவில்லை. அதனால் ஒவ்வொரு காலையும் கம்பியூட்டர் பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போய், ஏதோவொரு ஜனவரி முதலாம் திகதியில் நிற்கும்.

அண்ணை கோபிக்கவில்லை. வந்ததும் கலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதைப் பார்த்துத் திகதியைத் திருத்திவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடிப்பார். ஒருநாள் சொன்னார், "வசந்தி, வரேக்கை அந்தப் பற்றரி ஒண்டு வாங்கிக்கொண்டு வாரும்." "ஓம் அண்ணை" என்றேன். கடை காலி வீதியில், நான் வரும் வழியில்தான். மூன்று கிழமை அந்தக் கடை வாசலால் நடந்து வந்தேன். அவர் இரண்டாந்தரம் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் அண்ணை கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார். கொட்டாஞ்சேனையிலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு வெளிநாட்டிலிருக்கும் கணவரிடம் போக வேண்டும், அவசரம். நானே கம்பியூட்டரைப் போட்டேன். பெயர்களை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் எங்கள் தாளின் அடியில் திகதியைக் கம்பியூட்டர் தானே எடுத்துப் போடும். அதை நான் பார்க்கவில்லை. மருந்து விட்ட கண்ணோடு மத்தியானம் வந்த அண்ணை, "எல்லாம் பாத்தனீரோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை" என்றேன். கையெழுத்து வைத்தார்.

இரண்டு கிழமையில் ஸ்டெல்லா திரும்பி வந்தாள். ஆறேழு பேர் காத்திருந்த அறையில் தாளை மேசையில் எறிந்தாள். "எம்புள்ள பொறக்க பத்து வருசத்துக்கு முந்தியே மொழிபெயர்த்துட்டீங்களா? எம்பசியில களவுப் பேப்பர்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இவ அப்பா இவளை இன்னும் கையில தூக்கல, தெரியுமா?" நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணை எழுந்து நின்றார்.

"தங்கச்சி, கையெழுத்து என்ரை. பிழையும் என்ரை."

புதுத் தாளும் விளக்கக் கடிதமும் எழுதி, பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்டெல்லாவுக்கு எம்பசியில் இன்னொரு நாள் கிடைக்க ஐந்து மாதம் பிடித்தது. கதை அதற்கு முன்பே ஊர் சுற்றிவிட்டது. 'திகதி மாஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். சந்தையில் மறித்து, "மாஸ்டர், இண்டைக்கு என்ன வருசம்?" என்று கேட்பார்கள். அவர் சிரிப்பார். கந்தோருக்கு வந்து, முதல்நாள் முடித்த தாள்களை எல்லாம் எடுத்து மறுபடி பார்ப்பார். அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஸ்டெல்லா சத்தம் போட்ட மறுநாள் பற்றரி வாங்கப் போனேன். கடைக்காரர் விரல் நுனியில் ஒன்றைக் காட்டி, "மேகத, அக்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். இதுவா என்றார். இதுதான், இவ்வளவுதான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

கடற்காற்றில் துருவேறிய திருகாணிகளை அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினார். நான் போனில் வெளிச்சம் பிடித்தேன். பற்றரியைப் பிடித்திருந்த கொளுவியை நகத்தால் தள்ளினார். பழையது துள்ளிப் பாய்ந்து அலுமாரிக்கு அடியில் போனது. "எழுத்துப் பக்கம் மேலை" என்று தனக்குத்தானே சொல்லிப் புதியதை அழுத்தினார். பிளக்கைப் போட்டதும் கறுப்புத் திரை திகதி கேட்டது. கதிரையை விட்டு எழுந்து, "நீர் போடும்" என்றார்.

போட்டேன். "அண்ணை, நான்தான் எண்டு எல்லாருக்கும் சொல்லப்போறன்" என்றேன்.

"உமக்கு இந்த வருசம் சத்தியப்பிரமாணச் சோதினை. இப்ப இந்தக் கதை உமக்கு வேண்டாம். என்ரை பேர் பழசு, தாங்கும்."

நான் சோதனை பாஸ்பண்ணினேன். என் பெயர்ப்பலகை அவருடையதற்குக் கீழே தொங்குகிறது. அவர் வேண்டாம் என்றது அந்த ஒரு வருடத்துக்குத்தான். நான் மூன்று வருடம் வாய் திறக்கவில்லை. எனக்கு முன்னால் அவரைப் பகிடி பண்ணும்போதெல்லாம் மேசை லாச்சியை இழுத்து அதற்குள் எதையாவது தேடினேன். அவர் ஒரு தரமும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்றுக் கந்தோரைத் திறந்தேன். கம்பியூட்டர் சரியான திகதியைக் காட்டியது. ராணி அக்கா வந்து, "அவரின்ரை சாமானிலை உமக்கு ஏதும் வேணுமெண்டா எடும், வசந்தி" என்றார். பேனை, கண்ணாடி, ஸ்குரூடிரைவர் எல்லாம் மேசையில் இருந்தன. எதையும் தொட முதல், நடந்ததை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆக்களுக்குச் சொல்லும்" என்றார். அவரும் ஒரு தரம்தான் சொன்னார்.

சொல்லிவிட்டேன். அந்தக் கதையை இனிச் சொல்பவர்கள் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். மேசையிலிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. அண்ணை அன்று ஸ்டெல்லாவிடம் சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்கிறேன். கையெழுத்து அவருடையது. பிழை என்னுடையது.