கரிசல் சேறும் பட்டாளத்துக் கத்தியும்

நாகலாபுரம் போகும் பாதையில் ஊர்ச்சாலை பிரியும் ஒரு விலக்கில் நான் வரும் பேருந்து நிற்கிறது. களஆய்வுக்கென்று கோவில்பட்டி நடைபாதைக் கடையில் நான் மலிவாக வாங்கிய 'பட்டாளத்துக் கத்தி' கொய்யாப்பழத்தைக்கூட நறுக்க மறுக்கிறது.

மழை ஈரப் புஞ்சை வழியே ஓடிவந்த ஒரு பெண் படியில் கால் வைக்கிறார். பாதம் முழுக்கக் கரிசல் சேறு.

"எக்கா, பாதிப் புஞ்சைய கால்லயே கொண்டாருதீங்களே! வழிச்சிட்டு ஏறுங்க," என்கிறார் நடத்துனர்.

"மக ஆஸ்பத்திரியில பேறுவலியோட கெடக்கா, அண்ணாச்சி. விட்டுட்டுப் போயிராதீங்க!"

நான் இறங்கிக் கத்தியை நீட்டுகிறேன். வாங்கி அவசரமாகச் சேற்றை வழிக்கிறார். கத்தி கால்விரலில் இழுபட்டும் கீறல் விழவில்லை.

"ஏட்டி, இதக் கொண்டு சண்டைக்குப் போனா எதிரி பொழச்சிக்கிடுவான்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடி ஏறுகிறார்.

நடத்துனர் விசில் ஊதுகிறார். அந்த அம்மா வண்டிக்குள் இருக்கிறார். கத்திக்குக் கொடுத்த காசு வீணில்லை.