ஜன்னல் தொறந்திருக்குதா, சம்பந்தி?

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதத்துப் புயல் மழையில், புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இன்றைக்கும் மழைக்கு ஜன்னலைச் சாத்தப் போனால் என் கை கொஞ்சம் தயங்கும்.

நான் ஒரு மில்லின் டைம் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஷிப்டுக்கு எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எண்ணியே காலம் போயிற்று. மில்லை மூடி எவ்வளவோ காலமாகியும் எண்ணுகிற பழக்கம் என்னை விடவில்லை. கொடியில் எத்தனை துணி, டப்பாவில் எத்தனை மாத்திரை, எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். "இவரு சோத்துல பருக்கையைக்கூட எண்ணுவாரு" என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு அது வேடிக்கை. எனக்கோ, எண்ணி முடித்தால்தான் நெஞ்சுப் படபடப்பு அடங்கும்.

அப்போது மகள் முதல் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு விறகில் காய்ந்த வெந்நீர்தான் ஆகும், கரண்டில் காய்ந்த தண்ணீரில் சூடு தங்காது என்பது என் மனைவியின் கட்சி. அதற்காகச் சண்டே மார்க்கெட்டில் ஒரு சின்ன இரும்பு அடுப்பு வாங்கினோம். இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கும். தோட்டத்துப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அதை வைத்தோம்.

நெருப்பு என்றால் எனக்கு எப்போதும் பயம். அதனால் அடுப்பு மூட்டும் வேலையை வேறு யாரிடமும் விடவில்லை. விறகை விரல் தடிமனுக்குப் பிளந்து, காய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். அடியில் தேங்காய் நார், மேலே சிராய், அதற்கும் மேலே விறகு. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு ஊற்ற விடமாட்டேன். அடுப்பு வாய்க்கு வெளியே கட்டை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எரிந்து கீழே விழுந்தால் யார் பார்ப்பது? பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். மனைவி நைலக்ஸ் புடவையோடு கிட்டே வந்தால் விரட்டி அடிப்பேன். ஒரு தவலை வெந்நீருக்குப் பதினோரு விறகு. பன்னிரண்டாவதை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பேன்.

குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி. சட்டியில் கொஞ்சம் தணலை அள்ளி உள்ளே கொண்டுபோய், மேலே கூடையைக் கவிழ்த்து, மகளின் ஈர முடியை அதன்மேல் விரித்து உலர்த்துவாள் என் மனைவி. குழந்தைக்கும் லேசாகக் காட்டுவாள்.

குழந்தையைப் பார்க்க முதல் முறை வந்தபோது சம்பந்தி அந்தச் சட்டியைப் பார்த்தார். அவர் நோணாங்குப்பத்துக்காரர். எங்கள் ஊரில் சொல்தா என்போமே, அந்த மாதிரி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குச் சட்டியைப் பார்த்தார், சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார், எழுந்து போய் அதன் ஒரு கதவைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் தெரு முனை தாண்டியதும் என் மனைவி அதைச் சாத்தினாள்.

அதன் பிறகு தினமும் போன் செய்வார். குழந்தை பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, மருமகள் சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு, கடைசியில் மறக்காமல் ஒரு கேள்வி: "ஜன்னல் தொறந்திருக்குதா, சம்பந்தி?" நான் "ம்" என்று மட்டும் சொல்வேன். போனை வைத்ததும், "என்னா, பிரான்சு காத்து வீசிச்சா இன்னிக்கி?" என்பாள் மனைவி. இருவரும் சிரிப்போம். பச்சை உடம்புக்காரி படுத்திருக்கும் அறையில் யாராவது ஜன்னலைத் திறந்து போடுவார்களா?

பிறகு புயல் வந்தது. முதலில் கரண்ட் போயிற்று, பிறகு போனில் சிக்னல் போயிற்று. சமையல் கேஸ் தீர்ந்து, அடுத்த சிலிண்டர் வர வழியில்லாமல் தெருவில் முழங்கால் தண்ணீர். தோட்டத்துக் கூரையில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பெயர்ந்து போனதால் அடுப்பின்மேல் சாரல் அடித்தது. கொடியில் இருபத்தி மூன்று குழந்தைத் துணிகள், ஒன்றுகூடக் காயவில்லை. குழந்தையின் உள்ளங்கால் சில்லென்று இருந்தது. நிமிடத்துக்கு ஒரு தரம் போய்த் தொட்டுப் பார்த்தேன்.

நானும் மனைவியும் அடுப்பைத் தூக்கி வந்து சமையலறையில் வைத்து மூட்டினோம். ஈர விறகு. வீடெல்லாம் புகை. குழந்தை தும்மியது. உடனே எல்லாக் கதவையும் திறந்து புகையை விரட்டினேன். அவ்வளவு எச்சரிக்கைக்காரன் நான்.

மத்தியானம் விறகெல்லாம் எரிந்து தணலானது. தோட்டத்துப் பக்கம் வைத்திருந்த கரி மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி மேலே போட்டேன். சுடர் இல்லை, பொறி இல்லை, கண்ணில் பட ஒரு இழை புகையில்லை. இனி ஆபத்தில்லை என்று எனக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கைப்பிடியில் ஈரச் சாக்கைச் சுற்றி, இருவருமாக மகளின் அறைக்குத் தூக்கிப் போனோம். மூன்று செங்கல்மேல் வைத்தோம். கட்டிலைத் தள்ளிப் போட்டேன். கொசுவலையைச் சுருட்டிக் கட்டினேன். மணல் வாளியையும் கொண்டுவந்தேன்.

ஆனாலும் எங்கிருந்தோ ஈரக்காற்று வந்தபடி இருந்தது. "பச்சை உடம்புல காத்து பட்டா ஜன்னி கண்டுடும்" என்று மனைவி தவித்தாள். இடுக்குகளை எண்ணினேன்: இரண்டு ஜன்னலிலும் சேர்த்து ஆறு, கதவுக்கு அடியில் ஒன்று. பழைய வேட்டியைக் கிழித்தும் பேப்பரைச் சுருட்டியும் ஏழையும் நானே அடைத்தேன். அறை கதகதப்பானது. துணிகள் காய ஆரம்பித்தன. குழந்தை தூங்கியது. புயல் தொடங்கியதிலிருந்து அப்போதுதான் எனக்கு மூச்சு நிதானமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் மகள், "தலை கனமா இருக்குதுப்பா" என்றாள். தூக்கம் கெட்டவள், அப்படித்தான் இருக்கும் என்றோம். பிறகு மனைவி, துணி மடித்துக்கொண்டே, வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். காலையிலிருந்து டீ குடிக்காததால் என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். எனக்கும் நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறித்தது. பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டேனோ என்று போய் அட்டையை எண்ணினேன். சரியாக இருந்தது.

கரி எடுக்கத் தோட்டத்துப் பக்கம் போனேன். மூட்டை நனைந்திருந்ததால் காய்ந்த கரியாகப் பொறுக்கி எடுக்க நேரமானது. சாரலில் நிற்க நிற்கத் தலைவலி குறைந்தது. முறத்தோடு திரும்பி வந்து அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடியும் விண்ணென்று பிடித்தது.

வெளியே போக அறையின் வாசற்படி வரை வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என்னையும் அறியாமல் எண்ண ஆரம்பித்தேன். இந்த அறைக்குள் பெரியவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் உடம்பில் ஏதோ கோளாறு. நான்காவது ஆள் குழந்தை. அதற்குத் தலை வலித்தால் யாரிடம் சொல்லும்?

"குழந்தை பாலுக்கு அழுதுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. இன்னிக்கித்தான் நல்ல புள்ளையா தூங்குது" என்றாள் மனைவி. அவள் நாக்கு குழறியது.

மகளைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்க்காமலே மூடிக்கொண்டாள். என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. புகை இல்லை. நாற்றம் இல்லை. ஆனால் சம்பந்தியின் குரல் மட்டும் காதில் கேட்டது: ஜன்னல் தொறந்திருக்குதா, சம்பந்தி?

முறத்தைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். மழையில் ஊறிய ஜன்னல் கட்டை உப்பிக்கொண்டு அசையவில்லை. நான் அடைத்த பேப்பர் வேறு அதை இறுக்கிப் பிடித்திருந்தது. மணல் வாளியைத் தூக்கி ஓங்கி அடித்தேன். கதவு பிளந்துகொண்டு திறக்க, மழை உள்ளே பாய்ந்தது.

"என்னாங்க, பைத்தியமா பிடிச்சிருக்குது? பச்சை உடம்புக்காரி படுத்திருக்கா" என்று எழுந்த மனைவி, முழங்கால் மடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாத. வெளிய போ" என்றேன். குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கைகளில் அது துணி மாதிரித் துவண்டு கிடந்தது. இத்தனை நாள் எந்தக் காற்றுக்குப் பயந்தேனோ, அந்தக் காற்றுக்கு முன்னால் குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பிடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு பூனைக்குட்டி மாதிரி முனகி, ஒரு வழியாக அழுதது. அதற்கு முன்னும் பின்னும் எந்த அழுகையும் எனக்கு அவ்வளவு இனிக்கவில்லை.

எதிர் வீட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் என் கூச்சலைக் கேட்டு ஓடிவந்தார். மகளை அவர்தான் தூக்கி வந்தார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எல்லாரையும் கோரிமேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியெல்லாம் நான் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். எண்ணிக்கை தப்பித் தப்பிப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் ஒரு இளம் பெண். என்ன நடந்தது என்று கேட்டவர், தணலிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது வாசமும் கிடையாது, அடைத்த அறையில் அது சேர்ந்துகொண்டே போகும் என்றார். நான், புகையே இல்லையே அம்மா என்றேன்.

"அதை நம்பித்தானே உள்ள வெச்சீங்க? புகை இருந்திருந்தா நீங்களே வெளிய ஓடியிருப்பீங்க" என்றார்.

இன்னும் சற்று நேரம் போயிருந்தால் என்று அவர் ஆரம்பித்ததை முடிக்கவில்லை. முடிக்க வேண்டாம் என்று நான்தான் கையைக் காட்டினேன்.

மறுநாள் மழை விட்டதும் சம்பந்தி வந்தார். பஸ் ஓடவில்லை, கடலூர் ரோடு நெடுகத் தண்ணீரில் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்து, எதிர் வீட்டில் கேட்டுக்கொண்டு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அதற்குள் மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், குழந்தையும் பால் குடித்தது. அவர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு தாழ்வாரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தினமும் ஏன் அதையே கேட்டீர்கள் என்றேன்.

மெதுவாகச் சொன்னார். பிரான்சில் அவருக்கு முதல் குளிர்காலம். நம் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர், குளிர் தாங்காமல், இரும்புத் தொட்டியில் கரியை மூட்டி அறையில் வைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்திப் படுத்திருக்கிறார்கள்.

"காலையில நான்தான் கதவை ஒடைச்சேன்" என்றார். "தூங்கற மாதிரியே இருந்தானுங்க."

இதை எங்களிடம் அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"புள்ளை பொறந்த வீட்டுல சாவுப் பேச்சை எப்பிடி எடுக்கறது, சம்பந்தி? அதான் ஜன்னலை மட்டும் கேட்டுகிட்டு இருந்தேன்."

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சிரிக்காமல் ஒரு தரம், ஏன் என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அந்த அடுப்பு இப்போதும் இருக்கிறது, தோட்டத்தில், நாலு பக்கமும் காற்றோட்டமாக. தணலாகிவிட்டதே என்று உள்ளே தூக்கி வருவதில்லை. சாம்பிராணி போடும்போதும் ஜன்னல் திறந்தே இருக்கும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு எங்கே போனாலும் நடந்தது முழுவதையும் நான் சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டு பையன்களையும் சேர்த்து. பெயர் வைக்கிற வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று ஒரு உறவுக்காரம்மா என்னை நன்றாகத் திட்டினார். திட்டி முடித்து, அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் சம்பந்தி தினமும் போன் செய்து, கடைசியில் அதே கேள்வியைக் கேட்கிறார். இப்போதெல்லாம் நான் "ம்" என்று சொல்வதில்லை. போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து போய், ஜன்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.